ஒன்பதாம் அட்டவணையும் மூன்றாம் அட்டவணையும்

ஐயா, இந்திய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் உள்ள சட்டங்களையும் ஆராயலாம் என்று 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் தெரிவுசெய்த மன்றம் பாதுகாத்த சட்டத்தில் நீதிபதிகள் கைவைப்பது முறையா? இலங்கையிலும் அந்த நிலை வரலாமா? அந்த அட்டவணையில் உள்ள தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் என்னவாகும்?
– மாங்குளத்திலிருந்து ஒரு சட்ட மாணவன்

அன்புள்ள தம்பி,

69 சதவீதத்தைத் தமிழ்நாட்டார் பார்த்துக்கொள்வார்கள். உமது கடிதம் வந்த நேரம் நான் பழைய காணிக் கோப்பொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். பதில் எழுத அதுவே காரணம்.

நிலச்சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றச் சவாலிலிருந்து காக்கவே 1951இல் 13 சட்டங்களோடு அந்த அட்டவணை பிறந்தது. தமிழ்நாட்டின் கூடலூர் ஜன்ம (பரம்பரை உரிமை) நிலங்களைத் தொட்ட, நீர் சொன்ன அந்த வழக்கில், 24.04.1973க்குப் பின் அதில் ஏற்றப்பட்டவை அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைத்தால் செல்லாது என்று ஒன்பது நீதிபதிகள் கூறினர். அங்கே ஒவ்வொரு சட்டத்தையும் பெயர் சொல்லி, வாக்கெடுத்து, அட்டவணையில் ஏற்ற வேண்டியிருந்தது என்பதைக் கவனியும்.

நமது 1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 16(1)ஆம் உறுப்புரையை நீர் படித்ததில்லையா? சட்டம் படிக்கும் பிள்ளை அயல்நாட்டு அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டு முற்றத்தில் கிடப்பதை மிதித்துக் கடக்கலாமா? அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் அன்றிருந்த எல்லாச் சட்டங்களும் செல்லும் என்கிறது அது. பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. எது உள்ளே போகிறது என்று எவரும் பார்க்கவில்லை. பாராளுமன்றம் தெரிவுசெய்து காத்தது என்ற உமது வாதம் இந்தியாவுக்குப் பொருந்தலாம், இங்கே தெரிவென்று ஒன்று நடக்கவே இல்லை.

அப்படி உள்ளே போனவற்றுள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் ஒன்று. வன்னியில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி வைத்திருக்கும் எவருக்கும் அதன் மூன்றாம் அட்டவணை தெரியும்: தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் பெர்மிட்காரர் இறந்தால், வாழ்க்கைத் துணையின் காலத்துக்குப் பிறகு மகனுக்கே முதலுரிமை என்றிருந்தது. பால் அடிப்படையில் பாரபட்சம் கூடாது என்று 12(2)ஆம் உறுப்புரை சொல்லிக்கொண்டிருக்க, நான்கு உறுப்புரைகள் தள்ளி அந்த 16(1) இதற்குக் காவல் நின்றது.

வவுனிக்குளத்தில் எங்கள் ஐயாவுக்குக் கிடைத்த வயலை உழுவித்ததும், நீர் பாய்ச்சியதும், ஐயாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்ததும் அக்கா. நான் கொழும்பில் பேனா பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் போன பிறகு காணி எனக்கு வந்தது. அக்காவின் பெயருக்கு மாற்றவும் அரச அதிகாரியின் முன்சம்மதம் வேண்டும். அலைந்தோம், கோப்பு நகரவில்லை. 2008இல் ஊரே இடம்பெயர்ந்தது. அக்கா ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. திரும்பி வந்து, என் பெயரிலிருந்த வயலில் மீண்டும் விதைத்தார், 2014இல் காலமானார். பாராளுமன்றம் அந்த மூன்றாம் அட்டவணையைத் திருத்தியது 2022இல்.

நீதிபதிகள் கைவைப்பது முறையா என்று கேட்டீர். சபாநாயகர் சான்றுரை எழுதிய பின் எந்தச் சட்டத்தின் வலிதையும் எந்த நீதிமன்றமும் வினவ முடியாது என்கிறது நமது 80(3). முதலில் அதைப் படித்துவிட்டு மறுபடி எழுதும். கோப்பு கிடைத்துவிட்டது; பின்னுரித்தாளர் பெயருக்கான இடத்தை ஐயா வெறுமையாகவே விட்டிருக்கிறார்.