ரோஜாப்பூவுக்கு அடியில் போன கூட்டம்

கேள்வி: எங்கள் சங்கத்தில் 180 பெண்கள். சிலர் தென்கடலில் (மன்னார் வளைகுடா) மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள், சிலர் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) மூங்கில் தெப்பம் போட்டுக் கப்பாப்பாசி என்ற வகைக் கடற்பாசி வளர்க்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு. போன மாதப் பொதுக்கூட்ட அறிவிப்பைப் பலர் பார்க்கவே இல்லை. வந்தவர்கள் 22 பேர். வேறு செயலிக்கு மாறலாமா?
- சங்கச் செயலாளர், மண்டபம்

பதில்: செயலி கிடக்கட்டும், தங்கச்சி. தங்கச்சிமடத்தில் ஒரு மகளிர் சேமிப்புச் சங்கத்துக்குப் பதினோரு வருடம் செயலாளராக இருந்தவள் நான். கடன் தவணைத் தேதி மாறியதை ஒரு நாள் காலையில் குழுவில் போட்டேன். அது காலை வணக்க ரோஜாப்பூப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் அடியில் போய்விட்டது. எட்டுப் பேர் அபராதம் கட்டினார்கள். அதில் ஒருத்தி என் நாத்தனார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அன்றே அறிவிப்பைத் தனியாகப் பிரித்தேன். நிர்வாகி மட்டுமே எழுதக்கூடிய குழு. வாரத்துக்கு இரண்டு தகவலுக்கு மேல் கிடையாது. 2022இல் வாட்ஸ்அப்பில் வந்த 'கம்யூனிட்டி' வசதியில் இந்த அறிவிப்புக் குழு தானாகவே அமைந்துவிடும். அதில் உறுப்பினர்களின் போன் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பாதிப் பெண்களிடம் இருப்பது மகனின் போனோ கணவரின் போனோதான் என்பதால், இது சின்ன விஷயம் இல்லை. எழுத்தோடு குரல் பதிவும் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் காலை பத்து மணிக்கு அனுப்பினால் யார் பார்ப்பார்கள்? எல்லோரும் தண்ணீருக்குள் இருப்பார்கள். இரவுச் சமையல் முடிந்த நேரம்தான் சரி.

இரண்டாவது, தொழில் பேசும் குழு. மூழ்குகிறவர்களுக்கு ஒன்று, தெப்பக்காரர்களுக்கு ஒன்று. இங்கேதான் உங்களுக்கு உண்மையான வேலை. குழுவைத் தொடங்கி வைத்துவிட்டு "எல்லோரும் கருத்துச் சொல்லுங்கள்" என்றால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். ஒரு கோடையில் எங்கள் உறுப்பினர் ஒருவர், தெப்பத்தில் பாசி வெளுத்துப் போன படம் அனுப்பினார். நாள் முழுவதும் பதில் இல்லை. வடகடலில் நெடுங்காலம் தெப்பம் போட்ட ஒரு அக்கா அந்தக் குழுவில் இருந்தார், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குத் தனியாகப் போன் செய்து, "அக்கா, இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றேன். இரவு ஒன்பது மணிக்குக் குரல் பதிவு வந்தது, பின்னால் அலைச் சத்தத்தோடு: தண்ணீர் சூடேறியிருக்கிறது, வெளுத்ததை உடனே கிள்ளி எடு, அறுவடைக்கு 45 நாள் ஆகட்டும் என்று காத்திருக்காதே, நல்லதை முன்னதாகவே அறுத்துவிடு. அதற்குப் பிறகு அந்தக் குழுவை நான் தள்ள வேண்டியிருக்கவில்லை. யாருக்கு என்ன தெரியும் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி வரும்போது அந்த ஆளைத் தட்டி எழுப்புங்கள்.

இணையக் குழுக்களில் நூறு பேரில் தொண்ணூறு பேர் படிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். பேசாதவர்களைக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். அந்த அக்காவும் பேசாதவர்தான்.

செயற்குழுவுக்கு ஏழெட்டுப் பேர் கொண்ட சின்னக் குழு போதும். அங்கே சண்டை மூண்டால் மூன்றாவது பதிலுக்குள் போனை எடுத்துப் பேசிவிடுங்கள். எழுத்தில் முற்றிய சண்டையை நான் தீர்த்ததே இல்லை. இத்தனை குழுவையும் ஒருத்தியே பார்க்க முடியாது. தெப்பக் குழுவைத் தெப்பம் போடுகிற ஒருவரிடம் கொடுங்கள். நன்றாகப் பேசுகிறவரைவிட நன்றாகக் கேட்கிறவராகப் பாருங்கள்.

பழைய குழுவைக் கலைத்துவிட வேண்டாம். ரோஜாப்பூ போடுகிறவர்கள் போட ஓர் இடம் வேண்டுமே. என் நாத்தனார்தான் எங்கள் பழைய குழுவுக்கு இப்போது நிர்வாகி.