ஸ்தோத்திரம் சொல்லாவிட்டால் ஜெபம் கேட்கப்படாதா?

"அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஜெபத்தில் உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது, நன்றி சொல்ல வாய் வரவில்லை. முதலில் ஸ்தோத்திரம், அதாவது நன்றி, சொல்லாவிட்டால் ஜெபம் மேலே போகாது, சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து நன்றிக் காணிக்கையை இப்போதே அனுப்பு என்கிறார் ஜெபக்குழு நடத்தும் ஒருவர். என்ன செய்வது?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

லூக்கா 17இல் இயேசுவிடம் இரக்கம் கேட்ட குஷ்டரோகிகள் பத்துப்பேரும், அவர் அனுப்பியபடி போகிற வழியிலேயே சுத்தமானார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார்தான், ஆனால் அவர்களுடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதாக ஒரு வரிகூடக் கிடையாது. இயேசுவே கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆகாரம் கேட்கிறோம், மன்னிப்பு கேட்கிறோம், தீமையிலிருந்து இரட்சிப்பு கேட்கிறோம், நன்றி என்று ஒரு சொல் அதில் இல்லை. அது இல்லாமல் ஜெபம் மேலே போகாது என்றால் இயேசு அதை விட்டிருப்பாரா?

அப்படியானால் நன்றி எதற்கு? விண்ணப்பங்களை "ஸ்தோத்திரத்தோடே" தெரியப்படுத்துங்கள் என்று பிலிப்பியர் 4:6இல் எழுதியபோது பவுல் காவலில் இருந்தார். அடுத்த வசனத்தில் கேட்டது கிடைக்கும் என்று அவர் எழுதவில்லை, தேவசமாதானம் உங்கள் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்றுதான் எழுதினார். நாம் யாரிடம் பேசுகிறோம் என்பது பயத்தில் மறந்துபோகிறது, நன்றி அதை ஞாபகத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

காணிக்கை கேட்பவர்கள் யோவான் 11ஐக் காட்டுவார்கள், செத்துப்போன லாசரு கல்லறையைவிட்டு வெளியே வருமுன்பே இயேசு நன்றி சொன்னாரே என்று. சரி, சொன்னார். 41ஆம் வசனத்தில் சொன்னார், 35ஆம் வசனத்தில் அழுதுவிட்டுத்தான் சொன்னார், அதற்காக லாசருவின் சகோதரிகள் மார்த்தாளிடமோ மரியாளிடமோ ஒரு காசு வாங்கவில்லை. இதே ஆட்கள் அடுத்து வந்து சுகத்துக்கு நன்றி சொன்னபின் டயாலிசிஸ் எதற்கு என்பார்கள், ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள், உயிர் போய்விடும்.

ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்லவேண்டும். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பது 1 தெசலோனிக்கேயர் 5:18. எல்லா நிலைமையிலும் என்று அர்த்தம், நோய்க்கு நன்றி சொல் என்று அல்ல. ஆனால் எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" என்கிறதே என்பீர்கள். ஆமாம், என்கிறது. அதே அதிகாரத்தில் 11ஆம் வசனம் அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவற்றைக் கடிந்துகொள்ளச் சொல்கிறது, அப்படிக் கடிந்துகொள்ளச் சொன்னவரே ஒன்பது வசனம் தள்ளி அதே தீமைக்கு நன்றி சொல்லச் சொல்வாரா? வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம், இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல் என்று வசனத்தை நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு ஆத்திரம் வருகிறது. தீமையைத் தீமை என்று தேவனிடம் சொல்லலாம், அது அவிசுவாசம் ஆகாது.

நம் சபைகள்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவருக்கும் வியாதி தீர்ந்தவருக்கும்தான் மைக் போகிறது, இன்னும் ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். இப்படியே போனால் வெற்றிச் செய்திக்குத்தான் நன்றி என்று பேர் என்றல்லவா பிள்ளைகள் நினைக்கும்? லூக்கா 18இல் ஜெபிக்க ஆலயத்துக்குப் போன இருவரில், தன்னைப் பெரிதாக நினைத்த பரிசேயனும் ஸ்தோத்திரத்தோடுதான் ஆரம்பித்தான், நீதிமானாக வீடு திரும்பியது இரக்கம் கேட்டு மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், வரி வசூலிப்பவன்.

இன்றிரவு இப்படிச் செய்யுங்கள். முதலில் அழுது முடியுங்கள். வேண்டியதை ஒளிக்காமல் கேளுங்கள். பிறகு இன்று நடந்த ஏதாவது ஒன்றுக்கு, உங்களுக்கு உண்மையென்று படுகிற ஒன்றுக்கு மட்டும் நன்றி சொல்லுங்கள்: இன்று ஊசி முதல் தடவையிலேயே ஏறியது, திரும்பி வரும்போது அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள் என்று. பொய்யாக எதையும் சேர்க்கவேண்டாம்.

அதுவும் வராத நாளில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்துகொள்ளுங்கள். கடைசி வரிவரை அதில் இருட்டுதான், நன்றி வரவே வராது, ஆனாலும் அது வேதத்துக்குள் இருக்கிற ஜெபம். அதை வாசித்துவிட்டுப் படுங்கள்.