பேட்டி என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதே!

கேள்வி: வாய்க்காலின் கடைசியில் தண்ணீருக்காகக் காத்திருக்கும் ஒரு கடைமடைக் குடும்பத்தைப் பற்றிய என் முதல் நாவல் அண்மையில் வெளியானது. அதைப் பற்றிப் பேசத் திருச்சி வானொலியில் ஒலிப்பதிவுக்கும், ஒரு தொலைக்காட்சியில் நேரலைக்கும் அழைத்திருக்கிறார்கள். பள்ளியில் நாள் முழுவதும் பேசுகிற எனக்கு, மைக்கை நினைத்தாலே வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. 'இது உங்கள் வீட்டுக் கதையா?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. என்ன செய்யலாம், ஐயா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: வாய் உலர்வதும் நெஞ்சு படபடப்பதும் அட்ரினலின் சுரப்பதன் விளைவுகள், பேச ஆரம்பித்த சற்று நேரத்தில் பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடும். மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரத்தை நீட்டினால் இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானப்படும். காபி படபடப்பைக் கூட்டும் என்பதால், டிகிரி காபி குடித்து வளர்ந்த ஊர்க்காரரிடம் இப்படிச் சொல்வது கொடுமைதான் என்றாலும், அன்றைக்கு மட்டும் காபியைப் பேட்டிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், உங்களுக்குள் நடக்கும் இந்தக் கலவரம் பார்ப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை என்பது. அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுபவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக மிகையாகவே நினைத்துக்கொள்கிறார்கள் என்பதும், இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பதும் தெரியவந்தன. நீங்களும் இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், மைக்கைக் காட்டிலும் கேள்விகளுக்குத்தான் நீங்கள் அதிகம் அஞ்சுவதாகத் தோன்றுகிறது. பேட்டி எடுப்பவர் பல சமயம் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார். கடைமடை என்ற சொல்லைக் கண்டதும் அவர் நாவலை விட்டுவிட்டு, மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறப்பார்களா என்றும், கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. காவிரி நீர் போதுமா என்றும் கேட்கத் தொடங்கலாம். டெல்டா முழுவதற்கும் வழக்கறிஞராக உங்களை யாரும் நியமிக்கவில்லை. "அதை விவரமாகச் சொல்லப் பாசனம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று நடந்ததை நான் சொல்கிறேன்" என்று தயங்காமல் நாவலுக்குத் திரும்பிவிடுங்கள். முறைத் தண்ணீர் வரும் இரவில், மண்வெட்டியும் டார்ச்சுமாக மதகடியில் நிற்பவர்களின் காலடியில், சருகும் நுரையும் முன்னே தள்ளிக்கொண்டு வருகிற அந்த முதல் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கமாவது உங்கள் நாவலில் இல்லாமல் இராது. நேயர் அதைத்தான் கேட்க விரும்புவார். அப்படி இரண்டு மூன்று காட்சிகளை மட்டும், எழுதி மனப்பாடம் செய்யாமல், வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மேடைத் தமிழும் வேண்டாம். வகுப்பில் பேசுகிற தமிழே போதும்.

'உங்கள் வீட்டுக் கதையா?' என்ற கேள்வி நிச்சயம் வரும், அதிலும் பெண் எழுத்தாளரிடம் தவறாமல் வரும். இதற்கு மட்டும் விடையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: "ஊரில் கண்டதும் கேட்டதும் இதில் கலந்திருக்கின்றன, ஆனால் யாரையும் அப்படியே எழுதவில்லை." சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். பேட்டி எடுப்பவர் ஒன்றும் பேசாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தை நிரப்பப் போய்த்தான் பலர் சித்தப்பா வீட்டுப் பாகப்பிரிவினை வரைக்கும் சொல்லிவிடுகிறார்கள். நிரப்ப வேண்டியது அவர் பொறுப்பு.

வானொலிக்குப் போகும்போது கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். கை மேசையில் பட்டால் அந்தச் சத்தமும் பதிவாகும். பாத்திரங்களின் பெயர்களைத் தாளில் எழுதினால் சரசரக்கும், கெட்டி அட்டையில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளலாம். பதிவில் தடுமாறினால் அந்த வாக்கியத்தை மறுபடி சொல்கிறேன் என்று கேட்பதில் தவறே இல்லை. நேரலையில் அதற்கு வழியில்லை என்பதால், முடியுமானால் வானொலியை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் சிறுகதைத் தொகுப்புக்காக யூடியூப் சேனல் ஒன்று பேட்டி கேட்டிருக்கிறது. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லலாமா? வெளியிடும் முன் பார்க்கக் கேட்கலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தாராளமாகக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். வெளியிடும் முன் காட்டுவதற்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து அரை நிமிடத்தை மட்டும் வெட்டி ரீல்ஸாகப் போடுவது வழக்கமாகிவிட்டதால், சக எழுத்தாளரைப் பற்றிய கிண்டலை வேடிக்கைக்காகக்கூடச் சொல்லாதிருப்பது நல்லது. பேட்டி முடிந்து டீ வந்த பிறகும் சட்டையில் குத்திய மைக் பதிவு செய்துகொண்டிருக்கலாம்; அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டீயை வாங்கிக்கொள்ளுங்கள்.