பெயர் எழுதப்படாத இரண்டு பெண்கள்

அன்புள்ள ஐயா,

ஆதி கிறிஸ்தவம் பரவியது கான்ஸ்டன்டைன் பேரரசரின் தயவால்தானே? வாளும் கஜானாவும் இல்லாமல் ஒரு மதம் வளர முடியுமா? புனித தோமா மயிலாப்பூருக்கு வந்தார் என்பதை நம்பலாமா?

ம.

அன்புள்ள ம.,

தோமாவை இப்போது விட்டுவிடுவோம், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். உங்கள் முதல் கேள்விக்கு உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சில நாட்களாக நான் படித்துக்கொண்டிருப்பது ரோமானிய அதிகாரி பிளினியின் கடிதங்களை.

கான்ஸ்டன்டைன் ரோமுக்கு அருகே மில்வியன் பாலத்துப் போரில் வென்று, கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பியது 312இல். பிளினி எழுதியது ஏறக்குறைய 112இல். இன்றைய துருக்கியின் வடக்கே, பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் அவர். நகரம், கிராமம், வயல்வெளி என்று எங்கும் இந்த நம்பிக்கை தொற்றிவிட்டது, கோயில்கள் வெறிச்சோடிப் போயிருந்தன என்று பேரரசர் டிராஜனிடம் முறையிடுகிறார். வாள் அப்போது யார் கையில் இருந்தது? ஆளுநர் கையில். இருநூறு வருடத்தை அப்படியே தாண்டிக் குதித்துவிட்டு அரசனிடம் போய் நிற்கிறீர்களே, இது படிக்கிற பிள்ளைக்கு அழகா? அரசன் தொடாமல் எதுவும் நடக்காது என்ற நினைப்பை முதலில் விடுங்கள்.

பவுல் பரப்பினார் என்பார்கள். சரி, அவரே கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரம் செய்து பிழைத்தவர். கம்பளி வேலை செய்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் துணி வெளுப்பவர்களும் வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இதைப் பேசித் திரிகிறார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய தத்துவவாதி செல்சஸ் ஏசினார். எதிரியின் வசையைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம்.

பிளினிக்கு வருகிறேன். உண்மையை வரவழைக்க அவர் இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள் அவர்கள். மிதமிஞ்சிய மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். பெயர்கூட எழுதவில்லை. எனக்கு ஆறவே இல்லை. ரோமச் சட்டப்படி அந்தப் பெண்கள் உடைமை, விற்கலாம், வாங்கலாம். அவர்களை நம்பி ஒரு சபை பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. விடியுமுன் கூடிப் பாடுவது, திருடமாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளை மறுக்கமாட்டோம் என்று உறுதி எடுப்பது, பிறகு சேர்ந்து சாப்பிடுவது, இவ்வளவுதான் பிளினி விசாரித்து அறிந்த குற்றம். அடிமையாகப் பிறந்த ஒருத்திக்கு அந்தக் கூட்டத்தில் கிடைத்த இடம் வேறெங்கே கிடைத்திருக்கும்? இதை விட்டுவிட்டுக் கஜானாவைத் தேடுகிறீர்கள்.

கஜானா இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 251 வாக்கில் ரோமச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்ததாக ஆயர் கொர்னேலியு எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்கள் நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறார்கள் என்று, பழைய தெய்வ வழிபாட்டுக்குத் திரும்பிய பேரரசர் ஜூலியன் 362இல் புலம்பியதும் இதைப் பார்த்துத்தான்.

பிளினியின் பத்தாம் தொகுதியில் 96ஆம் கடிதம். ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்துவிட்டு எழுதுங்கள், கான்ஸ்டன்டைனைப் பற்றி அப்புறம் பேசுவோம்.