பாசியைக் கொல்லும் யூவி (புறஊதா) லைட் எரிகிறது, மீன்தொட்டித் தண்ணீர் ஏன் மறுபடியும் பச்சையாகிறது?

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றால் முதலில் பல்பைச் சுற்றி இருக்கிற குவாட்ஸ் குழாயை (கண்ணாடி போன்ற உறை) பாருங்கோ. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வரும் தண்ணீர். கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு அந்தக் குழாயிலும் படிந்து கதிரை மறித்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, குழாயை அரை மணித்தியாலம் வினாகிரியில் ஊறவைத்து, மென்துணியால் துடையுங்கோ. சுரண்டினால் கீறல் விழும். மாதம் ஒருக்கால் செய்தால் நல்லது.

பல்ப் நீலமாக எரிவதை மட்டும் நம்பாதேங்கோ. கிருமியைக் கொல்லும் 254 நானோமீற்றர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சுமார் 8000 மணித்தியாலத்தில் அது தளர்ந்துவிடும். இரவுபகலாக எரித்தால் 11 மாதம்தான், பிறகு பல்ப் மாற்ற வேண்டும்.

யூவி லைட்டைப் பில்டருக்குப் பிறகே பூட்டுங்கோ, கலங்கல் தண்ணீரில் கதிர் சரியாக ஊடுருவாது. மிதக்கும் பாசி மட்டுமே சாகும். கண்ணாடியில் ஒட்டியதைக் கையால்தான் துடைக்க வேண்டும். எரியும் பல்பை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது.