வேலூர்க் கொல்லைப்புறத்தில் ஒரு பெல்லட் கிரில்: இத்தனை வருடம் புழங்கியதில்

கேள்வி: பெல்லட் கிரில்லைச் சில வருடம் புழங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் கரண்டுக்கும் அது தாங்குமா, வாங்கலாமா?

நான் வாங்கவில்லை, என் தலையில் வந்து விழுந்தது. 2019 கடைசியில் டெக்சஸிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பிய என் மச்சான் (மனைவியின் தம்பி), வீட்டுச் சாமான்களோடு கண்டெய்னரில் இதையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு பெங்களூரில் ஆறாவது மாடியில் ஃபிளாட். பால்கனியில் புகை போட அசோசியேஷன் விடவில்லை. "மாமா, உங்க வீட்லதான் பின்னாடி எடம் இருக்கே" என்று சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் இறக்கிவிட்டுப் போனான். அன்றிலிருந்து நான்தான் கட்டி மேய்க்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: பெல்லட் என்பது மரத்தூளைச் சூட்டில் அழுத்திச் செய்த சின்னக் குச்சி, 6 மில்லிமீட்டர் கனம். பசை எதுவும் தேவையில்லை, மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கத் தொட்டியில் அதைக் கொட்டினால், அடியில் சுழலும் திருகுக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலிருக்கும் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு ஹீட்டர் பற்றவைக்கும், ஃபேன் ஊதும். எத்தனை டிகிரி வேண்டுமோ அதை வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். 1980களின் நடுவில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் கொண்டுவந்தது. வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பைச் சமையலுக்குத் திருப்பிய வேலை.

பேர் கிரில் என்றாலும் இது கிரில் இல்லை, புகை போடும் ஓவன். சீக் கபாப் வேண்டுமென்றால் இதன் பக்கமே போகாதீர்கள். தணல் மேல் கொழுப்பு சொட்டி எழுகிற அந்த வாசனை இதில் வராது. ஆம்பூர் பிரியாணிக்கு மூடி மேல் தணல் போடுவதுபோல ஒரு வேலையும் இதில் நடக்காது. கோழியைக் குறைந்த சூட்டில் வைத்தால் தோல் ரப்பர் மாதிரி ஆகிவிடும், கடைசி அரை மணி சூட்டைக் கூட்டியே ஆகவேண்டும். அதற்குத் தோலோடு கோழி என்று கேட்டு வாங்கவேண்டும்.

இதன் பெருமை பெரிய கறித்துண்டுதான். முதல் தடவை மாட்டு நெஞ்சுக்கறி 5 கிலோ, வெட்டாமல் ஒரே துண்டாக வேண்டுமென்று கேட்டேன். "பிரியாணிக்கா, சுக்காவுக்கா?" என்றார் பாய். இரண்டுக்கும் இல்லை என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப முழுசா எப்டி வேகும்?" என்றார். ராத்திரி ஒன்பது மணிக்கு 107 டிகிரியில் வைத்தேன். கறியின் உள்ளே 67, 68 டிகிரி வந்ததும் சூடு காட்டும் முள் நகரவே இல்லை. மூன்று மணி நேரம் அப்படியே. மெஷின்தான் போய்விட்டது என்று நினைத்தேன். அது கறி வியர்ப்பது. ஈரம் ஆவியாகும்போது சூட்டைத் தின்றுகொண்டே இருக்கும். காகிதத்தில் சுற்றி வைத்தால் அந்தக் கட்டத்தைச் சீக்கிரம் தாண்டும். காலை ஒன்பதுக்கு எடுத்தால் கத்தியே வேண்டாம், விரலால் பிட்டுக்கொள்ளலாம். பாய்க்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். இப்போது நான் கடைக்குப் போனாலே தனியாக எடுத்து வைத்ததைக் காட்டுகிறார்.

இனி கஷ்டங்கள்.

முதலாவது கரண்டு. இது 110 வோல்ட் மெஷின். பற்றவைக்கும்போது 300 வாட்ஸ், அப்புறம் 50 வாட்ஸ்தான் இழுக்கும், அதனால் நம் ஊர் 230 வோல்ட்டை இறக்கித் தரும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். ஆனாலும் 230 டிகிரிக்கு வைத்தால் 200லேயே நொண்டியது. ஒன்றரை வருடம் அதை மெஷினின் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். காரணம் எப்படித் தெரிந்தது என்றால், இரண்டாவது கஷ்டத்தால்.

2021 தீபாவளிக்குப் போட்ட பெல்லட்டில் பாதி தொட்டியிலேயே கிடந்தது. அந்த நவம்பர் மழை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது, பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மெஷின் தகரக் கொட்டகைக்குள்தான் இருந்தது, நேரடியாக ஒரு சொட்டு விழவில்லை. காற்றிலிருந்த ஈரமே போதும். டிசம்பரில் திறந்தால் குச்சிகளெல்லாம் ஊறி உடைந்து மறுபடி மரத்தூள். திருகுக் கம்பி போகிற குழாய்க்குள் அது இறுகி சிமெண்ட் மாதிரி. எனக்கு அது தெரியாமல் சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் உறுமியது, அப்புறம் காயில் கருகிய நாற்றம். ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலுமாக ஒரு ஞாயிறு முழுவதும் குழாயைச் சுரண்டினேன்.

காயில் கட்டுகிற அண்ணனிடம் மோட்டாரைக் கொண்டுபோனேன். லேபிளை ஒரு பார்வை பார்த்தார். "சார், இது அறுபது சைக்கிள் மோட்டார். நம்ம ஊர்ல அம்பது. மெதுவாத்தான் சுத்தும், சூடும் ஏறும்." சைக்கிள் என்றால் கரண்டு ஒரு நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற கணக்கு. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைவு, பெல்லட்டும் அந்த அளவு குறைவாக விழுந்திருக்கிறது, நொண்டியதற்கு அதுதான் காரணம். அவரே ஒரு 230 வோல்ட் கியர் மோட்டாரை ரிலே வைத்துப் பொருத்திக் கொடுத்தார். டிசி மோட்டார் (இந்த சைக்கிள் கணக்கு இல்லாத நேர் மின்சாரத்தில் ஓடுவது) உள்ள மாடலாக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது.

கரண்டு போய் வருவது தனி ஆபத்து. ஒரு மே மாத ராத்திரி நடுவில் கரண்டு போய், அரை மணியில் வந்தது. தீ அணைந்திருக்க, கிண்ணத்தில் பெல்லட் மிச்சம் கிடந்தது. மூடியைத் திறக்காமல் ஆன் செய்தேன். மேலும் மேலும் பெல்லட் விழுந்து, மஞ்சள் புகை கக்கி, பொங்கலுக்கு வைக்கிற வெடி மாதிரி "டும்" என்று மூடி ஒரு சாண் எம்பியது. இடது புருவம் பொசுங்கியது. என் அம்மா அதற்கப்புறம் அதற்கு "பூதம்" என்றே பேர் வைத்துவிட்டார். கரண்டு போனால் கிண்ணத்தைக் காலி செய்து, மூடியைத் திறந்துவைத்துத்தான் மறுபடி பற்றவைக்கவேண்டும். இப்போது மெஷினை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் பெரியது, பெல்லட். மாடு வாங்குகிறவர் தீவனம் எங்கே என்று முதலில் பார்ப்பார், நாம் பார்ப்பதில்லை. சமையலுக்கான பெல்லட் 9 கிலோ மூட்டை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலை கையைக் கடிக்கும். குறைந்த சூட்டில் மணிக்கு அரை கிலோவுக்கு மேல் தின்கிறது, சூடு கூட்டினால் இரட்டிப்பு. பாய்லருக்கு விற்கிற பெல்லட் சல்லிசாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு ஒரு மூட்டை எடுத்து, கறி வைக்காமல் எரித்துப் பார்த்தேன். கடலைத் தோல் கலந்தது, கிண்ணம் நிறையச் சாம்பல். பிளைவுட் தூள் கலந்திருந்தால் அதிலிருக்கும் பசையும் சேர்ந்து புகையும். மிச்ச மூட்டை வெந்நீர் அடுப்புக்குப் போனது, அது மட்டும் அம்மாவுக்குத் திருப்தி.

நல்ல பெல்லட்டை இப்போது பால் கேன் மாதிரி இறுக்கமாக மூடுகிற டிரம்மில் வைக்கிறேன். சமைத்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்துவிடுவேன். புகை போதாது என்று தோன்றினால் காய்ந்த சீமைக் கருவேலங்கட்டை ஒரு துண்டை உள்ளே தீக்கு மேலிருக்கும் தகட்டு ஓரத்தில் வைப்பேன். டெக்சஸ்காரர்கள் மெஸ்கீட் என்று காசு கொடுத்து வாங்குகிற மரத்தின் பங்காளிதான் அது. இங்கே ஏரிக்கரை முழுக்க வேண்டாமென்று கிடக்கிறது.

மற்றவை சில்லறை வேலை. சாம்பலை இரண்டு மூன்று சமையலுக்கு ஒருதரம் எடுக்கவேண்டும். கொழுப்புத் தட்டைச் சுரண்டாவிட்டால் உள்ளே தீப்பிடிக்கும். எலி ஒருமுறை ஒயரைக் கடித்தது. பற்றவைக்கும் ஹீட்டர் ஒருமுறை போனது, அளவு சொல்லிச் சென்னையில் செய்து வாங்கினேன். தீக்கிண்ணத்தின் அடி ஓட்டையாகி, ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகச் செய்தேன். பழையதைவிட அது கனமாக, நன்றாகவே இருக்கிறது.

வாங்கலாமா என்றால்: மாதம் இரண்டு தடவையாவது பெரிய கறி சமைப்பீர்கள், ஈரம் படாத இடம் இருக்கிறது, பெல்லட்டுக்கு வழி தெரியும் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு கரி அடுப்பும் ஒரு மூட்டைக் கருவேலங்கரியும் போதும், மிச்சக் காசுக்கு ஆட்டுத் தொடை வாங்குங்கள்.

மச்சான் இப்போது ஓசூர் பக்கம் தோட்டத்தோடு வீடு கட்டுகிறான். போன வாரம் போனில், "மாமா, கிரில் நல்லா இருக்குதா?" என்று விசாரித்தான். நன்றாக இருக்கிறது என்றேன். மோட்டார், ஹீட்டர், ஒயர், கிண்ணம் எல்லாம் நான் போட்டது, அவனுடையது என்று பார்த்தால் பீப்பாயும் மூடியும்தான் பாக்கி. அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.