டி.சி. வாங்குவதற்கு முன்னால், அக்கா

நேற்று சாயங்காலம் ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு என்னைப் பார்க்க வந்தீர்கள். உங்கள் மகன், நம்ம தம்பி, பிளஸ் ஒன் பாதியிலேயே படிப்பை நிறுத்திவிட்டு உங்களோடு கேரளத்து வண்டன்மேட்டுக்கு வேலைக்கு வருகிறேன் என்கிறான், அப்படி நின்றால் வருகிற பணத்தில் எதெல்லாம் போகும் என்று கேட்டீர்கள். அவ்வளவு களைப்பில் நான் சொன்னது மனதில் நின்றிருக்காது. அதனால் எழுதியே தருகிறேன். வீட்டில் தம்பியை உட்காரவைத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரும் பணம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலது பிள்ளையின் வயதைப் பார்த்து வருகிறது, சிலது பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்த்து வருகிறது. இது தெரியாமல்தான் பலரும் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

முதலில், காலமான உங்கள் வீட்டுக்காரர் அண்ணன் மில்லில் வேலை பார்த்ததற்கு வரும் பி.எஃப். பென்ஷன். உங்களுக்குக் குறைந்தது மாதம் 1000 ரூபாய், அதுபோகப் பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனியாக உங்கள் பென்ஷனில் கால் பங்கு, குறைந்தது 250 ரூபாய். தம்பி பள்ளியை விட்டாலும் இது நிற்காது. 25 வயது வரை வரும். நீங்கள் இதற்குத்தான் ரொம்பப் பயந்தீர்கள், அந்தப் பயம் வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு 18 முடிந்ததும் வங்கிக்குக் கூட்டிப்போய், மைனர் கணக்கை அவன் கையெழுத்தில் மாற்றிவிடுங்கள். அதை விட்டுவிட்டால் பணம் வந்தும் எடுக்க முடியாமல் கிடக்கும். மகளிர் உரிமைத் தொகைக்கும் பையன் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அது குடும்ப வருமானம் முதலானவற்றைப் பார்த்துத் தருவது.

பயப்பட வேண்டியது அந்த 4000 ரூபாய்க்குத்தான். மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில் தம்பி பெயருக்கு மாதாமாதம் வருகிறதே, அது அப்பா இல்லாத பிள்ளை படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கொடுப்பது. 18 வயதோடு முடிந்துவிடும், அதற்கு முன்னால் பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை என்று தெரிந்தாலும் நிறுத்திவிடலாம். அவனுக்கு இப்போது 16. அவசரப்பட்டு டி.சி. வாங்கினால் இன்னும் இரண்டு வருடம் வரவேண்டிய பணத்தை நாமே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இலவச பஸ் பாஸும் அதோடு போகும்.

அறுவடை நேரத்தில் அவன் மாதம் 4000க்கு மேலேயே சம்பாதிப்பான் என்று சொன்னீர்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை, மாசியோடு அடங்கிவிடும். அப்புறம் பங்குனி, சித்திரையில் ஜீப்புக்கு ஆள் கூப்பிடுவது எவ்வளவு குறையும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் ஆண்பிள்ளைக்கு மருந்தடிக்கிற வேலைதான் முதலில் கிடைக்கும். 16 வயதுப் பையனை அதில் விடவே கூடாது, அக்கா. இதை நான் உங்கள் தம்பியாக நினைத்துச் சொல்கிறேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்தால் அரசு மாதாமாதம் பணம் தரும் என்று யாரோ சொன்னார்களாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அது மாதம் 300 ரூபாய், அதுவும் பதிந்து 5 வருடம் காத்திருந்த பிறகு, 3 வருடத்துக்கு மட்டும். இதை நம்பி ஒரு முடிவும் எடுக்க வேண்டாம்.

தம்பிக்குப் படிப்பே வேம்பாகக் கசக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவனிடம் பேசியதில், புத்தகப் படிப்புதான் ஏறவில்லை, மோட்டார், வயரிங் என்றால் கண் விரிகிறது. அப்படியானால் நிறுத்த வேண்டாம், தடம் மாறினால் போதும். தேனி அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் இரண்டு வருடப் படிப்பு, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை.

ஆனால் ஐ.டி.ஐ. சேர்க்கை கோடையில்தான் தொடங்கும். இப்போது நடப்பது கார்த்திகை. இந்த இடைவெளிதான் ஆபத்து. இப்போதே நின்றுவிட்டால் பள்ளிப் பதிவில் அவன் பெயர் காமன் பூல் என்கிற, பள்ளியை விட்டுப் போனவர்கள் பட்டியலுக்குப் போய்விடும், 4000 ரூபாயும் கேள்விக்குள்ளாகும், கையில் நாலு காசு பார்த்தவன் ஜூனில் திரும்பி வருவானா என்பதும் சந்தேகம். ஆகவே பிளஸ் ஒன்னை முழுசாக முடிக்கட்டும். மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை, வருகை குறையக் கூடாது. ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்த பிறகு டி.சி. வாங்குங்கள். சேர்ந்த வாரமே சேர்க்கைச் சான்றை எடுத்துக்கொண்டு, தேனி கலெக்டர் ஆபீசில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டுப் போய், பையன் படிப்பைத் தொடர்கிறான் என்று எழுதிக் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அப்புறம் உங்கள் மகள் பாப்பா விஷயம். எட்டாவது முடித்ததும் கேரளத்து வண்டிப்பெரியாரில் சித்தி வீட்டில் விட்டு, அங்கேயே தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாமா என்று போகிற போக்கில் கேட்டீர்கள். தம்பியைவிட இதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் 1000 ரூபாய் உண்டு, மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. ஒன்பதாவதைக் குமுளிக்கு அந்தப் பக்கம் படித்தால் இரண்டும் கைவிட்டுப் போகும். கேரளத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்நேகபூர்வம் என்று ஒரு திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆறு முதல் பத்தாவது வரை மாதம் 500, பிளஸ் ஒன், பிளஸ் டூவில் 750, கல்லூரியில் 1000. அங்கேயே ரேஷன் கார்டோடு தோட்ட லயத்தில் குடியிருக்கும் குடும்பம் என்றால் அதை வாங்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். கம்பத்தில் வீடும் ரேஷன் கார்டும் வைத்திருக்கிற உங்களுக்கு அது பொருந்தாது. பாப்பா இங்கேயே படிக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பி.எஃப். பென்ஷன் ஆர்டர், 4000 ரூபாய் வரும் வங்கிப் புத்தகம், அவன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மூன்றையும் எடுத்து வாருங்கள். பென்ஷனுக்கான உயிர்ச்சான்று கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.